நிறை என்னும் சொல்

ஆழ்வார்கள் பெண்பேச்சாக அருளிச்செய்த பாசுரங்களில் 'நிறை' என்னும் சொல்லை இக்காலத்தார் நிறைவு என்றோ கற்பு என்றோ சொல்லிக் கடந்துவிடுவர். அகப்பொருள் மரபில் அதன் பொருள் நுட்பமானது. பிறர் அறியலாகாததை நெஞ்சுக்குள்ளே நிறுத்திவைக்கும் வலிமையே நிறை. திருக்குறளின் 126ஆம் அதிகாரம் 'நிறையழிதல்'. அடக்கற்குரியதைத் தலைமகள் வேட்கை மிகுதியால் அடக்கமாட்டாது வாய்விடுதல் என்பது பரிமேலழகர் கருத்து. மறைத்த காமம் தும்மலைப்போலத் தன்னையறியாமல் வெளிப்படும் என்று அவ்வதிகாரத்தில் ஒரு குறள் கூறும். தும்மலை அடக்கிப் பார்த்தவர்க்கே அவ்வுவமையின் அருமை விளங்கும்.

நாட்டிய சாஸ்திரம் 33 வியபிசாரி பாவங்களுள் ஒன்றாக 'அவஹித்த'த்தைச் சொல்கிறது. நிறையை அதனோடு ஒன்றாகக் கொள்வது பொருந்தாது. அவஹித்தம் மேனியில் தோன்றும் குறிகளை மறைப்பது. அச்சத்தாலும் வஞ்சனையாலும்கூட நிகழும். நிறையில் வஞ்சனைக்கு இடமில்லை. குயிலாப்பாளையத்துக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் வரப்புக்குள் தேக்கிய உவர்நீர், வெயிலில் வற்ற வற்றச் செறிவேறி உப்பாக விளைகிறது. நெஞ்சில் நிறுத்திய அன்பும் அப்படியே. அடக்கியதால் குறையாது, கனக்கும். நிறை என்பதற்கு எடை என்ற பொருளும் உண்டன்றோ!

இப்பொருளைக் கொண்டு திருவாய்மொழியின் இரண்டு இடங்களைச் சேர்த்து நோக்கவேண்டும். நான்காம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் பராங்குச நாயகி தன் மாமை, நெஞ்சு, நிறை, அறிவு, வளை, மேகலை, உடம்பு, உயிர் என ஒவ்வொன்றாக எடுத்து, எம்பெருமான் விரும்பாத இவற்றால் தனக்கு ஒரு காரியமும் இல்லை என்று உதறுகிறாள். ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியிலோ, மடலூரத் துணிந்து நின்று, தன் நாணையும் நிறையையும் அவன் கொண்டுபோனான் என்கிறாள். இரண்டிடத்தும் ஆழ்வார் ஆளும் வினை ஒன்றே: கவர்தல். முன்னே அவன் கவராததால் வீணான நிறை, பின்னே அவன் கவர்ந்ததால் அழிந்தது. ஆகவே இந்த நிறை, வெட்கத்துக்குரிய ஒன்றை அமுக்கிவைத்த அடக்கமன்று. உரியவனுக்கென்று காத்துவைத்த பொருள். மகளிர் மடலேறுதல் மரபன்று என்று தொல்காப்பியம் விலக்கியிருந்தும் அவள் அதனைச் சொல்லத் துணிந்தது, காத்ததைக் கொள்ளவேண்டியவனே கொண்டுபோனபின் காப்பதற்கு ஒன்றும் எஞ்சாமையால்.

நிறைக்குப் பிறர் வேண்டும். அடுத்த திருவாய்மொழியில் இரவு வந்து சூழ்கிறது. ஊரார் உறங்கிவிட்டனர். மறைப்பதற்கும் ஆளில்லை, சொன்னால் கேட்பதற்கும் ஆளில்லை.