ஓடும் வீட்டில் புதுத் தரை!

அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சக்கரம் வைத்த வீடு உண்டு.

அந்த வீட்டில் சமையல் அறை இருக்கும். படுக்கை அறை இருக்கும். குளியல் அறையும் இருக்கும். நினைத்த நேரத்தில் வீட்டோடு ஊர் மாறலாம்!

இந்த வீடுகள் பலவற்றில், பொத்தானை அழுத்தினால் ஓர் அறை சுவரோடு சேர்ந்து வெளியே நகரும். மறுபடியும் அழுத்தினால் உள்ளே வந்துவிடும்.

இத்தகைய வீட்டில் பழைய கம்பளத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, பலகை போன்ற கெட்டித் தரை போடுவதில் பலரும் ஆர்வம் காட்டுகிறார்கள். பார்க்கப் போனால் சிறிய வேலைதான். ஆனால், கால் அங்குலம் கணக்குத் தப்பினால் போதும். வெளியே போன அறை உள்ளே வராது. அறை உள்ளே வராவிட்டால் வீடு நகராது!

பனிப் பறவைகள்

இந்த வீட்டு வண்டிக்கு அங்கே "ஆர்.வி." என்று பெயர். தானே ஓடும் வண்டி ஒரு வகை. பஸ்சில் இருப்பது போல முன்னால் டிரைவர் ஆசனம் இருக்கும். அதற்குப் பின்னால் வீடு. காரோ, சிறு லாரியோ இழுத்துச் செல்லும் வண்டி இன்னொரு வகை.

இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்படும் ஆர்.வி. வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஊரிலும், அதன் சுற்று வட்டாரத்திலும்தான் தயாராகின்றன. இந்த வண்டிகளின் வரலாற்றைக் காட்டும் காட்சிசாலை ஒன்றும் அங்கே உண்டு.

விடுமுறையைக் கழிக்க மட்டும் ஆர்.வி. வைத்திருப்பவர்கள் பலர். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், இருந்த வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியேறியவர்களும் உண்டு.

வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் இவர்கள் தெற்கே கிளம்பிவிடுவார்கள். அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். கோடை வந்ததும் வடக்கே திரும்புவார்கள். இவர்களுக்குப் "பனிப் பறவைகள்" என்று செல்லப் பெயர்.

மேஜை டிராயர் மாதிரி!

சாலையில் போகும் வண்டியின் அகலத்துக்கு ஓர் அளவு உண்டு. ஆர்.வி.யின் அகலம் சுமார் 8½ அடிக்குள் இருக்க வேண்டும். அந்த அகலத்தில் சோபா, சாப்பாட்டு மேஜை, அடுப்பு எல்லாவற்றையும் வைத்தால், நடக்க இடம் இருக்காது.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் நகரும் அறை. இதை அங்கே "ஸ்லைடு அவுட்" என்கிறார்கள். 1990-க்குப் பிறகு இது வேகமாகப் பரவியது.

மேஜையில் உள்ள டிராயரை நினைத்துக் கொள்ளுங்கள். இழுத்தால் வெளியே வருகிறது. தள்ளினால் உள்ளே போகிறது. நகரும் அறையும் அப்படித்தான். வண்டியின் பக்கச் சுவரில் ஒரு பெரிய பெட்டியைப் பொருத்தி விடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் சோபா இருக்கும்; மேஜை இருக்கும்; சில வண்டிகளில் கட்டிலே இருக்கும்.

வண்டி நின்றதும் பொத்தானை அழுத்துவார்கள். மின்சார மோட்டார் பெட்டியை வெளியே தள்ளும். பெட்டி சுமார் 3 அடி வெளியே போகும். குறுகிய வண்டிக்குள் திடீரென்று ஒரு கூடமே வந்துவிடும்!

புறப்படும்போது பெட்டியை உள்ளே இழுத்துவிட வேண்டும். அதை வெளியே நீட்டிக்கொண்டு சாலையில் போக முடியாது.

கம்பளத்தின் மீது என்ன கோபம்?

தொழிற்சாலையில் இந்த வண்டிகளுக்கு நெடுங்காலமாகக் கம்பளம் விரித்து வந்தார்கள். கம்பளம் விலை மலிவு. எடை குறைவு. குளிர் காலத்தில் காலுக்கு இதமாக இருக்கும். வண்டி ஓடும் சத்தத்தையும் குறைக்கும்.

ஆனால், இந்த வீட்டின் வாசல் எங்கே திறக்கிறது? இன்று அரிசோனா பாலைவனத்தில். நாளை புளோரிடா கடற்கரையில். அடுத்த வாரம் ஒரு காட்டில். மணலும், சேறும், நாயின் ரோமமும் நேராகக் கம்பளத்துக்குள் போகின்றன. எவ்வளவு பெருக்கினாலும் முழுவதும் வெளியே வராது.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. அது தண்ணீர்.

நகரும் அறையைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். அது பழசாகி வெடித்தால், மழைத் தண்ணீர் உள்ளே கசியும். கம்பளம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்கும் ஒட்டுப் பலகை மாதக்கணக்கில் ஊறி, மக்கிப் போகும். ஒரு நாள் காலை வைத்தால் தரை மெத்தென்று அமுங்கும். அப்போதுதான் விஷயம் தெரியும்.

கெட்டித் தரை பெரும்பாலும் ஒழுகலை மறைக்காது. சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பளிச்சென்று காட்டிவிடும். ஆர்.வி. வாசிகள் பலர் கம்பளத்தை வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் சிக்கல்

அறை உள்ளே வரும்போது அது எதன் மீது வருகிறது? வண்டியின் தரைக்கு மேலே! பெட்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. சில வண்டிகளில் அரை அங்குலம்கூட இருக்காது. பல வண்டிகளில் பெட்டியின் அடியில் உருளைகள் இருக்கும். அவை தரையின் மீதே உருண்டு வரும்.

கம்பளம் மெத்தென்று இருப்பது. அறை வந்து அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும். அறை வெளியே போனதும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பலகைத் தரை அப்படி அமுங்காது. ஒன்று, தரை கீறும். அல்லது பெட்டியின் விளிம்பு உடையும். மோட்டார் திணறி, அறை பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

கம்பளம் பொறுத்துப் போகும். பலகை பொறுக்காது. இந்த வேலையில் இருக்கும் ரகசியமே இதுதான்.

நகரும் அறைகளில் இரண்டு விதம் உண்டு. ஒரு விதத்தில், அறையின் தரை எப்போதும் ஒரு படி உயர்ந்தே இருக்கும். அது மேலாகவே வந்து போகும். இன்னொரு விதத்தில், அறை முழுவதும் வெளியே போனதும் அது கொஞ்சம் கீழே இறங்கும். இரண்டு தரைகளும் சமமாகிவிடும். பார்க்க அழகு. ஆனால் தரை மாற்ற மிகவும் கஷ்டமான வகை இதுதான். உள்ளே வரும்போது இந்த அறை மேலே ஏற வேண்டும். ஏறும் இடத்தில் பலகையின் விளிம்பு நீட்டிக்கொண்டு இருந்தால், அதைக் கிளப்பிவிடும்.

அளப்பது எப்படி?

அனுபவசாலிகள் முதலில் கத்தியை எடுப்பதில்லை. அளவு கோலைத்தான் எடுக்கிறார்கள்.

அறை முழுவதும் வெளியே இருக்கும்போது ஓர் அளவு. பாதி வழியில் நிறுத்தி ஓர் அளவு. முழுவதும் உள்ளே வந்த பிறகு ஓர் அளவு. இப்படி மூன்று நிலையிலும் இடைவெளியை அளக்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் அளந்தால் போதாது. பெட்டி சற்றுச் சாய்ந்து வரலாம். ஆகவே இரண்டு மூலைகளிலும், நடுவிலும் அளக்க வேண்டும்.

அதன் பிறகு, வாங்கப் போகும் பலகையின் சிறு துண்டு ஒன்றைக் கொண்டு வந்து தரையில் வைத்துப் பார்க்கிறார்கள். கம்பளத்தை ஓர் ஓரத்தில் மட்டும் தூக்கி, அதன் கனம் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். புதுத் தரையின் கனம், அமுங்கிய கம்பளத்தின் கனத்தைவிடக் கூடாமல் இருந்தால் கவலை குறைவு.

எந்தத் தரை நல்லது?

பளிங்கு ஓடு பார்க்க அழகுதான். ஆனால் இது ஓடும் வீடு. சாலையில் போகும்போது வண்டியின் சட்டம் அசையும், முறுகும். ஓடு விரிந்துவிடக் கூடும். அதன் எடையும் அதிகம்.

பெரும்பாலோர் வாங்குவது வினைல் பலகை. இது மரம் போலத் தோன்றும். ஆனால் மரம் அல்ல. தண்ணீர் பட்டாலும் ஊறாது. பசை தடவி ஒட்டும் வகை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஒன்றோடு ஒன்று கொக்கி போல மாட்டும் வகை 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

மாட்டும் வகையைப் போடுவது சுலபம். ஆனால் அது தரையோடு ஒட்டாமல் மிதந்து நிற்பது. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். வண்டியோ குளிர்காலத்தில் உறைபனியில் நிற்கும். கோடையில் கொளுத்தும் வெயிலில் நிற்கும். அதனால் சுவர் ஓரங்களில் கால் அங்குலம் போல இடம் விட வேண்டும். அறையின் உருளைகள் அதன் இணைப்புகள் மீது ஓடி ஓடி, கொக்கிகள் உடைவதும் உண்டு. எனவே, அறை வந்து போகும் இடத்தில் மெல்லிய ஒட்டு வகையையோ, ஒரே சுருளாக வரும் வினைல் விரிப்பையோ பலர் விரும்புகிறார்கள்.

எடைக் கணக்கும் முக்கியம். 5 மில்லிமீட்டர் கனமுள்ள வினைல் பலகை, ஒரு சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ வரை எடை இருக்கும். 10 சதுர மீட்டர் போட்டால் சுமார் 90 கிலோ! வீட்டில் ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றியது போலத்தான். வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று வாசல் அருகே சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் எடையைக் கூட்டினால் டயர் வெடிக்கும் ஆபத்து உண்டு.

ஆயிரம் பின்கள்!

இனி, கம்பளத்தை எடுக்கும் வேலை. இதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

தொழிற்சாலையில் பல வண்டிகளுக்கு முதலில் கம்பளத்தை விரித்துவிடுகிறார்கள். அலமாரி, கட்டில், நகரும் அறை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அதனால் கம்பளம் எல்லாவற்றுக்கும் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டிருக்கும். முழுவதையும் எடுக்க வேண்டுமானால் அறையையே கழற்ற வேண்டும்! அதனால் பெட்டி தொடங்கும் இடத்தில் கம்பளத்தை நேராக அறுத்துவிடுகிறார்கள். அடியில் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கம்பளத்தை ஒட்டுப் பலகையோடு சிறு கம்பிப் பின்களால் அடித்திருப்பார்கள். ஒரு வண்டியில் ஆயிரம் பின் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்க வேண்டும். ஒரு பின் நீட்டிக்கொண்டு இருந்தாலும், பின்னால் புதுத் தரையில் புடைத்துக்கொண்டு தெரியும்.

தூசு எழும்பும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். மிகப் பழைய வண்டியானால் இன்னும் எச்சரிக்கை தேவை. 1980-க்கு முன் செய்த வினைல் ஓடுகளிலும், அவற்றின் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பரிசோதனை செய்யாமல் அதை உடைக்கக் கூடாது.

கம்பளம் போன பிறகு அடிப்பலகையை மிதித்துப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்க வேண்டும். ஒழுகலையும் அடைக்க வேண்டும். மக்கிய பலகையின் மேல் புதுத் தரை போடுவது, புண்ணுக்கு மேல் பட்டு உடுத்துவது போலத்தான்!

நீண்ட திருகாணிகளைக் கண்ட இடத்தில் முடுக்குவதும் ஆபத்து. தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயும், மின்சாரக் கம்பியும் ஓடுகின்றன.

முதல் ஓட்டம்

தரை போட்டு முடிந்தது. இனி அறையை உள்ளே இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பொத்தானைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் தரையில் முட்டி போட்டு, பெட்டியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு இருப்பார். அறை அங்குலம் அங்குலமாக வரவேண்டும். உரசும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

உருளை ஓடும் வழியில் கம்பளத் துண்டோ, மெல்லிய பிளாஸ்டிக் தகடோ போட்டுத் தரையைக் காப்பவர்களும் உண்டு. இடைவெளி இருந்தால்தான் இதைச் செய்யலாம்.

அதன் பிறகும் ஒரு வேலை பாக்கி. அறையை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் தரையைப் பெருக்க வேண்டும். ஒரு சிறு கல் உருளைக்கு அடியில் சிக்கினால் போதும்; புதுத் தரையில் நீளமாகக் கோடு விழுந்துவிடும்.

சக்கர வீட்டில் வாழும் முதியவர்களுக்கு அதைத் தவிர வேறு வீடு இல்லை. பழுதான அறை உள்ளே வராமல் நின்றால், அவர்கள் பயணமும் நின்றுவிடும். பழுது பார்க்கும் செலவோ, தரை போட்ட செலவைவிட அதிகமாகலாம்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். அறை நகரும் வழியை அறியாமல் கம்பளத்தில் கத்தியை வைக்கக் கூடாது!