பிக்கப் வாகனத்தில் ஏற்றிச் செல்லும் துவிச்சக்கரவண்டிகளைக் களவிலிருந்து காத்தல்

ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிக்கப் வாகனம் ஒரு தொழிற்கருவியாகும். கூரை வேலை, தளம் பதித்தல், தோட்டப் பராமரிப்பு என வார நாட்களில் உழைக்கும் அதே வாகனம், கோடைகால வார இறுதியில் பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டிகளைச் சுமந்துகொண்டு போர்ட் யூனியன் ஏரிக்கரைக்கோ மார்ட்டின் குட்மன் பாதைக்கோ செல்கின்றது. திரும்பி வரும் வழியில் உணவகம் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் வாகனம் நிறுத்தப்படுகின்றது. களவு பெரும்பாலும் இத்தகைய குறுகிய இடைவெளியிலேயே நிகழ்கின்றது.

இழப்பு விளையாட்டுப் பொருளோடு முடிவதில்லை. அதிகாலைப் பேருந்து தொடங்குமுன் வேலைக்குச் செல்லும் ஒருவருக்குத் துவிச்சக்கரவண்டியே போக்குவரத்து. பகுதிநேர வேலையில் சேமித்து வாங்கிய மாணவருக்கு அது பல மாத உழைப்பு. ஆகவே, திறந்த பின்பெட்டியில் வண்டியை எவ்வாறு பூட்டுவது, எங்கே நிறுத்துவது, களவு போனால் யாரிடம் கூறுவது என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

திறந்த பின்பெட்டியில் உள்ள ஆபத்து

வீதியோரத் தூணில் பூட்டப்பட்ட வண்டிக்கும் பிக்கப் வாகனத்தில் ஏற்றப்பட்ட வண்டிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பின்பெட்டியில் இருப்பவை எல்லாத் திசைகளிலிருந்தும் தெரியும். எத்தனை வண்டிகள் உள்ளன, அவை எவ்வகையைச் சேர்ந்தவை, எதனால் கட்டப்பட்டுள்ளன என்பதைக் கடந்து செல்பவர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். பக்கச் சுவர் தாழ்வானதாகையால், பின்கதவைத் திறக்காமலே வண்டியைத் தூக்கி எடுக்கவும் முடியும். பின்கதவைப் பூட்டி வைத்தாலும் அது வண்டிகளைப் பாதுகாக்காது.

ஆகவே பாதுகாப்பு மூன்று பொருட்களைச் சார்ந்துள்ளது: வண்டியின் எப்பகுதி பூட்டப்படுகின்றது, எதனால் பூட்டப்படுகின்றது, வாகனத்தின் எவ்விடத்தோடு பூட்டப்படுகின்றது. இம்மூன்றில் எது வலிமை குன்றியதோ, அதுவே முழுப் பாதுகாப்பின் அளவாகும். விலையுயர்ந்த பூட்டை எளிதில் கழற்றக்கூடிய வளையத்தில் மாட்டினால், கள்வர் பூட்டைத் தொடவே மாட்டார். வளையத்தையே கழற்றி எடுத்துவிடுவார்.

பட்டி வேறு, பூட்டு வேறு

வண்டிகளை இறுக்கிக் கட்டும் பட்டிகள் அவை விழாமல் இருப்பதற்கே பயன்படுகின்றன. ஒரு சிறு கத்தி போதும், அவை அறுந்துவிடும். மறுபுறம், பூட்டும் சங்கிலியும் வண்டியை அசையாமல் பிடித்து வைப்பதில்லை. வாகனம் திடீரென நிற்கும்போது வண்டி ஆடவும் சரியவும் கூடும். ஆகவே இரண்டும் தேவை.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 111 ஆம் பிரிவின்படி, ஏற்றப்பட்ட சுமையின் எப்பகுதியும் வாகனத்திலிருந்து விழாதவாறு கட்டப்பட்டிருத்தல் வேண்டும். சுமை வாகனத்தின் பின்புறத்தைத் தாண்டி 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீண்டிருந்தால், பகலில் அதன் நுனியில் சிவப்புக் கொடியோ சிவப்பு அடையாளமோ இருத்தல் வேண்டும். இரவில் சிவப்பு விளக்கு வேண்டும். பின்கதவைத் தாழ்த்தி வைத்து வண்டிகளை ஏற்றுவோர், இலக்கத்தகடும் பின்விளக்குகளும் மறைக்கப்படாமல் இருப்பதையும் உறுதிசெய்தல் வேண்டும்.

எதனோடு பூட்டுவது

பெரும்பாலான பிக்கப் வாகனங்களின் பின்பெட்டி மூலைகளில் சுமை கட்டுவதற்கான வளையங்கள் உள்ளன. இவை பட்டிகளின் இழுவையைத் தாங்கவே அமைக்கப்பட்டவை. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு வளையத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். வளையம் முழுமையாக மூடியதாக இல்லாமல் கொக்கி போல் திறந்திருந்தால், சங்கிலியை அதிலிருந்து எளிதில் விலக்கிவிடலாம். வளையத்தைப் பிடித்துள்ள திருகாணியின் தலை வெளியே தெரிந்தால், சாதாரணத் திருப்பியொன்றால் அதனைக் கழற்றிவிடலாம்.

இழுவைக் கொக்கி பொருத்தப்பட்ட வாகனங்களில், அதன் இருபுறமும் பாதுகாப்புச் சங்கிலிக்கான உருக்கு வளையங்கள் இருக்கும். அவை வாகனத்தின் அடிச்சட்டத்தோடு இணைந்தவை என்பதால் பின்பெட்டி வளையங்களை விடப் பன்மடங்கு வலிமையானவை. போதிய நீளமுள்ள சங்கிலியைப் பின்கதவின் ஓரமாக அவ்வளையத்திற்குக் கொண்டு செல்ல முடியுமானால், அதுவே சிறந்த பிடிமானமாகும். எனினும் வாகனம் ஓடும்போது சங்கிலி தொங்கி வீதியில் உரசாமலும் பின்கதவைச் சேதப்படுத்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி வண்டிகளை ஏற்றுவோர், பின்பெட்டித் தளத்தில் தடித்த உருக்கு வளையமொன்றை நிரந்தரமாகப் பொருத்துவது பயனுடையது. தளம் மெல்லிய தகடாகையால், அடிப்புறத்தில் அகன்ற உருக்குத் தகடு வைத்துத் திருகாணியை இறுக்குதல் அவசியம். இல்லையேல் பலமாக இழுக்கும்போது தகடு கிழிந்து வளையம் கையோடு வரும். துளையிடுவதற்கு முன் அடியில் எரிபொருள் தாங்கி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியன இல்லை என்பதைக் கண்டறிய வேண்டும். சில வாகனங்களின் பெட்டி அலுமினியத்தாலானது. 2015 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வரும் போர்ட் எஃப்-150 இதற்கு உதாரணம். அலுமினியத்தோடு உருக்கு நேரடியாகத் தொட்டிருந்தால், குளிர்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பு அவ்விடத்தை விரைவில் அரித்துவிடும். எனவே இடையில் இறப்பர் அல்லது நைலோன் தகடு வைக்க வேண்டும். இவ்வேலையில் பழக்கமில்லாதோர் வாகனத் திருத்துநரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

எதனால் பூட்டுவது

கம்பிவடப் பூட்டு இலேசானது, மலிவானது, எவ்வளவு தூரமும் சுற்றக்கூடியது. ஆனால் கைக்கு அடக்கமான வெட்டுக்கருவியால் சில விநாடிகளில் அறுந்துவிடும். அதனைச் சில்லு, இருக்கை போன்ற துணைப் பாகங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். வண்டிக்கு, கடினமாக்கப்பட்ட உருக்குச் சங்கிலியும் தரமான ஆமைப்பூட்டும், அல்லது யூ வடிவப் பூட்டும் வேண்டும். சங்கிலிக் கண்ணியின் தடிப்பு 10 மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. தடிப்பு கூடக் கூட, போல்ட் கட்டர் எனப்படும் நீள்பிடி வெட்டுக்கருவியால் வெட்டுவது கடினமாகும்.

வண்டியில் செல்பவர் பாரமான சங்கிலியைச் சுமக்க விரும்புவதில்லை. பிக்கப் வாகனத்தில் அந்தத் தடை இல்லை. பல கிலோ எடையுள்ள சங்கிலியையும் வாகனத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். மின்கலத்தில் இயங்கும் கிரைண்டர் கருவிக்கு எந்தப் பூட்டும் நெடுநேரம் ஈடுகொடுக்காது என்பது உண்மையே. ஆனால் அது பேரிரைச்சலையும் தீப்பொறியையும் உண்டாக்கும். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அதனைப் பயன்படுத்தக் கள்வர் தயங்குவார்.

பூட்டும் முறை

1. வண்டிகளை ஒன்று முன்னோக்கியும் அடுத்தது பின்னோக்கியும் இருக்குமாறு மாற்றி மாற்றி அடுக்குக. கைப்பிடிகளும் மிதிகளும் ஒன்றோடொன்று சிக்கி உரசாதிருக்க இது உதவும். படுக்க வைக்க நேர்ந்தால் கியர் உள்ள வலப்பக்கம் மேலே இருத்தல் வேண்டும்.

2. முதலில் பட்டிகளால் வண்டிகளை அசையாமல் கட்டுக.

3. சங்கிலியை ஒவ்வொரு வண்டியின் சட்டகத்தின் ஊடாகவும், இயலுமானால் பின்சில்லின் ஊடாகவும் செலுத்துக. சில்லை மட்டும் பூட்டினால், கள்வர் சில்லை விட்டுவிட்டு வண்டியை எடுத்துச் செல்வார்.

4. சங்கிலியின் இரு முனைகளையும் வெவ்வேறு வளையங்களில் பூட்டுவது சிறந்தது. வண்டிகளை ஒன்றோடொன்று பூட்டிவிட்டு வாகனத்தோடு பூட்டாமல் விடுவது பலரும் செய்யும் தவறு.

5. சங்கிலி தளர்ந்து தரையில் கிடக்க விடலாகாது. வெட்டுக்கருவியின் ஒரு பிடியைத் தளத்தில் ஊன்றி, மறுபிடியை உடற்பாரத்தால் அழுத்துவதற்கு அது வசதியளிக்கும். மிகுதி நீளத்தைச் சட்டகத்தைச் சுற்றி இறுக்குக.

6. கழற்றிய முன்சில்லு, விளக்கு, தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பி ஆகியவற்றை வாகனத்தின் உள்ளே, வெளியில் தெரியாதவாறு வைக்குக. மின்வண்டியாயின் மின்கலத்தைக் கழற்றி எடுத்துக்கொள்க. வெயிலில் பூட்டிய வாகனத்தினுள் அதனை விட்டுச் செல்லலாகாது.

முன்சில்லைக் கழற்றி, முன்கவையைப் பின்பெட்டியில் பொருத்திப் பூட்டும் தாங்கிகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவை வண்டியை நிமிர்த்திப் பிடிப்பதில் சிறந்தவை. ஆனால் அவற்றின் பூட்டு சிறியது. அதனை மட்டும் நம்பாது சங்கிலியையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பின்பெட்டி மேல்மூடியும் வண்டிகளைக் கண்ணிலிருந்து மறைக்கும்; ஆயினும் துணி அல்லது வினைல் மூடியைக் கத்தியால் கிழித்துவிடலாம். மூடியின் கீழும் வண்டி பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

எங்கே நிறுத்துவது

உணவகத்திலோ கடையிலோ, உள்ளே அமர்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வாகனத்தை நிறுத்துவதே முதற் பாதுகாப்பு. அது இயலாதபோது, ஒளி நிறைந்த, மக்கள் வந்து செல்லும் இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். பின்புறம் சுவரை ஒட்டி நிறுத்தினால் ஒரு பக்கமாவது அடைபடும். குடும்பமாகச் செல்லும்போது ஒருவர் மாறி ஒருவர் வாகனத்தின் அருகில் இருப்பது எப்பூட்டையும் விடச் சிறந்தது.

இரவில் வண்டிகளைப் பின்பெட்டியில் விட்டு வைக்கலாகாது. களைப்போடு வீடு திரும்பியவர்கள், காலையில் இறக்கலாம் என்று எண்ணி வீட்டு முற்றத்திலேயே விட்டுவிடுவதுண்டு. எவ்வளவு தடித்த சங்கிலியாயினும், கள்வருக்கு முழு இரவும் கிடைத்தால் அது காவலாகாது. தொலைதூரப் பயணத்தில் விடுதியில் தங்குவோர், வண்டிகளை அறைக்குள் கொண்டுவர அனுமதி உண்டா என முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம்.

தொடரிலக்கம் என்னும் சாட்சி

துவிச்சக்கரவண்டிகளில் பெரும்பாலும் மிதிகள் இணையும் இடத்தின் அடிப்புறத்தில் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் அதனைக் காணலாம். அந்த இலக்கத்தையும், வண்டியின் முழுத் தோற்றத்தையும், கொள்வனவுப் பற்றுச்சீட்டையும் படமெடுத்துச் சேமித்து வைத்தல் வேண்டும். 529 கராஜ் என்னும் இணையப் பதிவேட்டில் வண்டியை இலவசமாகப் பதிவு செய்யலாம். வன்கூவர் பொலிஸார் 2015 இல் பயன்படுத்தத் தொடங்கிய இப்பதிவேட்டை, இன்று கனடாவின் பல பொலிஸ் பிரிவுகள் பயன்படுத்துகின்றன.

இது ஏன் முக்கியம்? பொலிஸார் மீட்கும் வண்டிகள் பலவற்றுக்கு உரிமையாளர் யாரென்று அறிய வழியில்லை. உரிமை கோரப்படாத வண்டிகள் இறுதியில் ஏலத்தில் விற்கப்படுகின்றன. தொடரிலக்கம் பதியப்பட்டிருந்தால், அதே வண்டி வீட்டுக்குத் திரும்பி வரக்கூடும்.

களவு போய்விட்டால்

களவு கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருந்தால் 911 ஐ அழைத்தல் வேண்டும். கள்வரை மறிக்கவோ துரத்தவோ முற்படலாகாது. நிகழ்ந்து முடிந்த பின் அறிந்தால், ரொறன்ரோ பொலிஸின் அவசரமற்ற அழைப்பு இலக்கமான 416-808-2222 ஐ அழைக்கலாம், இணையவழியாகவும் முறையிடலாம். ஆங்கிலம் பேசத் தயங்குவோர் ‘ரமில்’ என்ற ஒரு சொல்லைக் கூறி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சிறிய இழப்பு என்று எண்ணியோ, பொலிஸாரோடு பேச அஞ்சியோ முறையிடாமல் விடுவோர் உளர். முறைப்பாடு இல்லையேல், மீட்கப்பட்ட வண்டியை உரியவரிடம் சேர்க்க வழியில்லை. காப்புறுதி கோரவும் இயலாது.

காப்புறுதி பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. வாகனத்தில் இருந்து களவு போனது என்பதால் வாகனக் காப்புறுதி இழப்பீடு தரும் எனப் பலர் நினைக்கின்றனர். பொதுவாக அவ்வாறில்லை. வாகனத்தினுள் இருந்த தனிப்பட்ட பொருட்கள் வீட்டுக் காப்புறுதியின் அல்லது வாடகைக்குடியிருப்போர் காப்புறுதியின் கீழேயே வரும். அதிலும், டிடக்டிபிள் எனப்படும் தொகையை முதலில் உரிமையாளரே ஏற்க வேண்டும். துவிச்சக்கரவண்டிக்கு உச்ச வரம்பும் இருக்கலாம். கோடை தொடங்குமுன் முகவரிடம் கேட்டு இவற்றை அறிந்துகொள்வது நல்லது.

களவு போன வண்டி சில நாட்களில் இணைய விற்பனைத் தளங்களில் தோன்றக்கூடும். அதனைக் கண்டால் விளம்பரத்தைப் படமெடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். தனியே சென்று விற்பவரைச் சந்திப்பது ஆபத்தானது. அவ்வாறே, வழமைக்கு மாறான குறைந்த விலையில் வண்டி வாங்குவோரும் தொடரிலக்கத்தைச் சரிபார்த்தல் வேண்டும். களவுப் பொருளென்று அறிந்தே வைத்திருப்பது கனடாவில் குற்றமாகும். அறியாமல் வாங்கியவரும் வண்டியை உரியவரிடம் இழக்க நேரிடும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செலவு அதிகமில்லை. தொடரிலக்கத்தைப் படமெடுக்க ஒரு நிமிடம் போதும். பின்பெட்டி வளையங்களைப் பரிசோதிக்க மேலும் சில நிமிடங்கள் போதும். அடுத்த வார இறுதிப் பயணத்துக்கு முன், வண்டிகள் இன்னும் வீட்டில் இருக்கும்போதே இவ்விரண்டையும் செய்து முடித்தல் நன்று.