ஆலங்கட்டி மழை... உங்கள் காருக்குக் கவசம் இருக்கிறதா?

சித்திரை வெயில் கொளுத்தும் ஒரு மதியத்தில் மேற்கே மலைப்பக்கம் கருமேகம் திரண்டால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெக்கை தணியப்போகிறது என்று ஊரே மகிழும். ஆனால், மாந்தோப்பு வைத்திருப்பவருக்குப் பிஞ்சும் காயும் உதிருமே என்ற பதைப்பு. அது பழைய கவலை. தெருவில் காரை நிறுத்தியிருப்பவருக்கு இப்போது இன்னொரு கவலை, ஆலங்கட்டி!

கட்டி எப்படி உருவாகிறது?

வெயிலில் சூடான ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் ஏறி இடிமேகமாகிறது. மேகத்துக்குள் வேகமாக மேலெழும் காற்று, நீர்த்துளிகளைக் கடுங்குளிர் உயரத்துக்குத் தூக்கிப்போகிறது. அங்கே உறைந்த துளிமேல் மேலும் மேலும் நீர் ஒட்டிக் கட்டி பெருக்கிறது. காற்று தாங்க முடியாத எடை வந்ததும் விழுந்துவிடுகிறது. நம் சமவெளிச் சூட்டில் சின்னக் கட்டிகள் வழியிலேயே உருகிவிடும். பட்டாணி அளவில் விழுவது காரை ஒன்றும் செய்யாது. எலுமிச்சை அளவுக்கு வந்தால் தகரம் நெளியும், கண்ணாடி விரியும்.

1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டி மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் சேதமடைந்தன. 2025 ஏப்ரல் 16 அன்று பாகிஸ்தானின் இஸ்லாமாபாத்தில் ஏராளமான கார்க் கண்ணாடிகள் நொறுங்கின.

பாலிசியை எடுத்துப் பாருங்கள்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். அதில் உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. கார் பழசாகிவிட்டது என்று அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சொந்த சேதத்தையும் சேர்த்த முழுக் காப்பீட்டில், புயல், வெள்ளத்தோடு ஆலங்கட்டி மழையும் அடங்கும். பொதுவாக, கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். 5 வயது தாண்டிய காரின் உலோகப் பாகங்களை மாற்றினால் குறைந்தது 40 சதவிகிதம் கழிப்பார்கள். 'ஜீரோ டிப்ரிசியேஷன்' எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை.

கிளைம் செய்வதா, வேண்டாமா?

இங்கேதான் கணக்கு தேவை. சொந்த சேத பிரீமியம் 8,000 ரூபாய், நோ கிளைம் போனஸ் 50 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்ஜியம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மீண்டும் 50-க்கு வரும். பிரீமியம் மாறாமல் இருந்தாலும், இந்த ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 10,000 ரூபாய். நாலைந்து நெளிவுகளுக்கு 4,000 ரூபாய்தான் செலவென்றால் கைக்காசில் சரிசெய்வதே லாபம். பெயிண்ட் உரியாத நெளிவை, மறுபடி பெயிண்ட் அடிக்காமலே உள்ளிருந்து தள்ளி எடுக்கும் முறை இருக்கிறது. பானெட், கூரை, கண்ணாடி எல்லாம் போயிருந்தால் தயங்காமல் கிளைம் செய்யுங்கள். அதற்குமுன் போட்டோ, வீடியோ எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை ரிப்பேரில் கைவைக்க வேண்டாம்.

மேகம் திரளும்போது...

* கூரையுள்ள இடமே முதல் தேர்வு. அது இல்லையென்றால், மழைக்கு முன்பே ஜமுக்காளத்தையோ கனமான போர்வையையோ நாலாக மடித்து, கண்ணாடிமேல் விரித்துக் கட்டிவிடுங்கள்.

* புளியமரம், வேப்பமரத்தடி வேண்டாம். கிளை முறிந்து விழுந்தால் கட்டியைவிடப் பெரிய சேதம்.

* ஓட்டும்போது பிடித்துக்கொண்டால், வேகத்தைக் குறைத்துச் சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி என்பதால் விரிசல் விட்டாலும் சிதறாது. பக்கக் கண்ணாடிகள் தூள் தூளாகும். குழந்தைகளை ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காரவையுங்கள்.

* கட்டி விழத் தொடங்கியபின் காரை மூட வெளியே ஓடாதீர்கள். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் மொரதாபாத்தில் ஆலங்கட்டி மழைக்கு 246 பேர் பலியானார்கள். கூடவே மின்னலும் இருக்கும்.

நெளிந்த பானெட்டை மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். மழை நிற்கும்வரை வீட்டுக்குள் இருங்கள். பாலிசியை மட்டும் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.