சுருட்டுக் கொட்டிலும் செவிச்செல்வமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், தாவடி, இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து செல்வர். சற்றுக் கிழக்கே கோண்டாவில் இருக்கிறது. இன்று அவ்வழியே செல்பவருக்கு நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காண்பது அரிது. வீதியின் இருமருங்கும் கடைகளும் வங்கிகளும் தனியார் கல்வி நிலையங்களும் நிரம்பியுள்ளன. ஒழுங்கைகளுக்குள் நுழைந்தால் மதில் சூழ்ந்த மாடி வீடுகளைக் காணலாம். மதிலுக்கப்பால் சிற்சில இடங்களில் மட்டும் வாழைத் தோட்டமும் செம்மண் தரையும் இன்னும் தலைகாட்டுகின்றன.

இவ்வூர்களில் ஒரு காலத்தில் ஒரு பெருந் தொழில் நடந்தது. அத்தொழிலைச் சார்ந்து ஒரு பண்பாடும் வளர்ந்தது. தொழில் சுருட்டுச் சுற்றுதல். பண்பாடு, சுற்றிக்கொண்டே செவிகொடுத்துக் கேட்டல். அப்பண்பாட்டைப் பற்றியும், அது மறைந்தமையால் நாம் இழந்தது யாது என்பது பற்றியுமே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

வலிகாமப் பகுதியின் செம்மண் புகையிலைக்கு ஏற்றது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உழவன் கிணற்றை நம்பி வாழ்ந்தான். துலாமிதித்து நீர் இறைத்தும், ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டும், ஒவ்வொரு கன்றையும் பிள்ளையைப்போற் பேணியும் அவன் புகையிலை வளர்த்தான். நெல் உணவுக்காயின், புகையிலை காசுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. 1905ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றுக் கொழும்புடன் இணைந்தபின், தெற்கே செல்லும் வழி எளிதாயிற்று. தென்னிலங்கையின் பட்டினங்களிலும் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்தவர் சுருட்டுக் கடைகளை நடத்தினர். அக்கடைகளை நிரப்பிய சுருட்டுக்களிற் பெரும்பகுதி நான் மேற்கூறிய ஊர்களின் கொட்டில்களிலே சுற்றப்பட்டது.

கொட்டில் என்பது பெரிய ஆலையன்று. கிடுகு வேய்ந்த நீண்ட கூரை; காற்று நுழையத் திறந்த பக்கங்கள்; தரையிற் பாய். வரிசையாகத் தொழிலாளர் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை. பக்குவப்படுத்திய இலையின் நடுக்காம்பை நீக்கி, உள்ளே வைக்கும் இலையை அளவறிந்து அடுக்கி, மேலிலையால் இறுகச் சுற்றி, நுனியை ஒட்டி, ஒரே நீளத்தில் வெட்டி வைப்பர். இறுக்கம் மிகுந்தாற் புகை இழுபடாது. குறைந்தால் விரைவில் எரிந்துவிடும். கண் பாராமலே கை அளவறியும் நிலையை அடைவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். கூலியோ நாட்கணக்கில் அன்று, எண்ணிக்கைக் கணக்கில். ஆதலால் ஒரு கணமும் கையை நிறுத்த இயலாது.

இங்கேதான் நாம் கருதவேண்டிய செய்தி இருக்கிறது. கைக்கு ஓயாத வேலை; ஆயினும் செவிக்கும் மனத்துக்கும் வேலையில்லை. பொறிகளின் இரைச்சலும் இல்லை. எனவே, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவே இருந்து பத்திரிகையை உரத்து வாசிப்பார். ஏனையோர் கேட்டுக்கொண்டே சுற்றுவர். சில கொட்டில்களில் தொழிலாளருள் ஒருவரே வாசிக்க, அவர் சுற்றவேண்டிய பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தனர் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன். 1930ஆம் ஆண்டிலே சுன்னாகத்திலிருந்து ஈழகேசரியும், கொழும்பிலிருந்து வீரகேசரியும் தோன்றின. 1932இல் தினகரன் வந்தது. 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்தே ஈழநாடு வெளிவரத் தொடங்கிற்று. இப்பத்திரிகைகளின் ஒரு பிரதி, கொட்டிலிலே பலருக்குப் பயன்பட்டது. செய்தி முடிந்ததும் தலையங்கம். அதன்பின் தமிழகத்திலிருந்து வரும் வார இதழ்களின் தொடர்கதை. அடுத்த இதழ் வரும்வரை கதாநாயகனின் கதி என்னாகுமோ என்று கொட்டில் முழுவதும் விவாதம் நடக்கும்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கியூபா நாட்டின் ஹவானா நகரிலே 1865ஆம் ஆண்டு ஒரு சுருட்டாலையில் வாசிப்பு முறை தொடங்கியது. தொழிலாளர் தத்தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாசகருக்கு ஊதியம் வழங்கினர். அங்கே சில ஆலைகளில் அவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. வடகேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரிடையேயும் இதே வழக்கம் இருந்தது. ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள், ஒரே வகையான வேலையைச் செய்ததனால் ஒரே வகையான கல்வியைக் கண்டுபிடித்தனர் என்பது வியப்புக்குரியது.

கல்வி என்று நான் சொல்வது மிகையன்று. கொட்டிலில் அமர்ந்தவருட் பலர் ஓரிரு வகுப்புக்களே படித்தவர். சிலர் பாடசாலை வாசலையே மிதியாதவர். ஆயினும் உலகப் போரின் போக்கு, இந்திய விடுதலைப் போராட்டம், இலங்கைச் சட்டசபையின் விவாதம் ஆகியவற்றை அவர் அறிந்திருந்தனர். இலங்கையில் 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. வாக்குச்சீட்டு கிடைத்துவிடுவதால் மட்டும் ஒருவன் குடிமகனாகிவிடுவதில்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்று ஆராய்பவனே குடிமகன். அந்த ஆராய்ச்சிக்கு ஒரு களம் கொட்டிலிலே அமைந்தது. கூலி பற்றியும் தொழிற்சங்கம் பற்றியும் பேச்சு எழுந்ததும் அங்கேதான். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்து, கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அவற்றை அடுத்துக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமையின் பொருள் அந்தத் தொழிலாளரை நினைக்கும்போது நன்கு விளங்குகிறது.

இவ்வாறு கூறுவதால், அக்காலம் பொற்காலம் என்று யாரும் கொள்ளவேண்டா. கூலி குறைவு; நாள் முழுவதும் குனிந்திருந்த முதுகு வலிக்கும்; புகையிலைத் தூசு நெஞ்சை அடைக்கும். சாதி வேற்றுமை என்னும் கறை அன்றைய கிராமத்தில் ஆழப் படிந்திருந்தது. 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கோயில் வாசலும் தேநீர்க் கடையும் எல்லோருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. சுருட்டோ உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள். அதன் விற்பனை குறைந்ததற்காக ஓர் ஆசிரியன் வருந்த நியாயமில்லை. நான் வருந்துவது புகையிலைக்காக அன்று. அதைச் சூழ்ந்திருந்த அறிவுக் கூட்டத்துக்காக.

அக்கூட்டம் எவ்வாறு கலைந்தது? காரணம் ஒன்றன்று. சிகரெட்டும் பீடியும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன. வானொலிப் பெட்டி வந்தபோது, வாசிப்பவரின் குரலுக்கு ஒரு போட்டி தோன்றியது. வானொலியிலே பேசும் நான் இதை ஒளிப்பது முறையன்று. 1983ஆம் ஆண்டு வன்செயலின்பின் தென்னிலங்கையில் யாழ்ப்பாணத்தவரின் கடைகள் பல அழிந்தன, சந்தை சுருங்கிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, எஞ்சிய கொட்டில்களும் ஆளின்றிக் கிடந்தன. திரும்பி வந்தவர் எல்லோரும் பழைய தொழிலுக்குத் திரும்பவில்லை.

இதற்கிடையில் நகரமும் ஊரை நோக்கி வளர்ந்தது. 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் எழுந்தன. 2014ஆம் ஆண்டு புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. மறு ஆண்டு காங்கேசன்துறை வரை ஓடிற்று. தோட்டத் துண்டுகள் வீட்டுக் காணிகளாயின. பரப்புக் கணக்கில் விளைச்சலைப் பேசியவர் இன்று பரப்புக் கணக்கில் விலையைப் பேசுகின்றனர். கிடுகு வேலிக்குப் பதில் மதில் எழுந்தது. வேலியிலே ஒரு பொட்டு இருக்கும். அதனூடே அயலவரின் பேச்சும், பகிர்ந்த கறிச்சட்டியும் வந்துபோகும். மதிலுக்குப் பொட்டில்லை. புதிதாய்க் குடிவந்தவருக்குப் பக்கத்து வளவில் முன்பு கொட்டில் இருந்தது தெரியாது. தெரிந்தவரோ அதைச் சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை? சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே மாணவரிடம் தத்தம் குடும்பத்தின் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு கூறினேன். ஒரு சிறுவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தான். அருகிற் சென்று கேட்டேன். "அப்பப்பா சுருட்டுச் சுற்றினவர் சேர். அதை எழுதலாமோ?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டான். "அதைத்தான் எழுதவேண்டும்" என்றேன். அடுத்த கிழமை அவனுடைய அப்பப்பாவைக் காணச் சென்றேன். எண்பதைக் கடந்தவர். திண்ணையிலிருந்து ஒரு மணிநேரம் பேசினார். கேட்ட கதைகளின் பாத்திரங்களையும், பழைய தேர்தல்களின் வேட்பாளரையும் வரிசையாகச் சொன்னார். விடைபெறும்போது, "நாங்கள் படிக்கேல்லைத்தான் மாஸ்டர், ஆனால் நிறையக் கேட்டிருக்கிறம்" என்றார். சிறுவன் பக்கத்தில் நின்று அவரை நோக்கினான். அவன் முகத்திலே அன்று நாணம் இருக்கவில்லை.

நேயர்களே, நகரம் வளர்வதை யாரும் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. மின்விளக்கும் குழாய்நீரும் பல்கலைக்கழகமும் நம் பிள்ளைகளுக்கு உரியவை. ஆனால் உழைத்த முன்னோரை மறைத்து வைப்பது வளர்ச்சியன்று. தன் பாட்டன் கையாற் செய்த தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளை, கற்ற கல்வியையும் வெறும் அணிகலனாகவே அணிவான்.

செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு உள. முதலாவது, கொட்டிலில் இருந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர் சொல்வதை மாணவர் கேட்டு எழுதி வைக்கட்டும். காலந் தாழ்த்தினால் அந்த ஏடு தானே மூடிக்கொள்ளும். இரண்டாவது, நம் ஊர்களிற் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பத்திரிகைகளும் இருக்கின்றன. இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே குனிந்து வாசித்துவிட்டுச் செல்கிறோம். கிழமைக்கு ஒருநாள், ஒரு மணிநேரம், ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கேட்கட்டும். பழைய ஊரவரும் புதிதாய்க் குடிவந்தவரும் ஒரே பாயில் அமரட்டும். வாசித்தது பற்றி மறுத்துப் பேசட்டும். மதில் எழுந்த ஊரிலே அயலவரை அறிவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.