ராத்தங்கல் – 9: ஒரு சாலை, ஏழு ஊர்

கேமரன் மலைக்குப் போவதென்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்த சண்டை அறையைப் பற்றித்தான். பாட்டிக்குக் கோயில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இரவுச் சந்தை நடக்கிற தூரத்தில் வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு ஜன்னலைத் திறந்ததும் தேயிலை தெரிய வேண்டும். வண்டி ஓட்டப்போகிறவர் மட்டும் எந்தப் பக்கமாக ஏறுவது என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் உட்கார்ந்திருப்பார்.

அவர் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தெற்கே தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை முதலில் ரிங்லெட்டைத் தொடுகிறது. அங்கிருந்து சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய ஏரியை ஒட்டிப் போய், தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று ஊர்களை வரிசையாகக் கடக்கிறது. கம்போங் ராஜாவைத் தாண்டியதும் மேற்கே திரும்பி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ பக்கம் இறங்கிவிடுகிறது. ஏழு ஊருக்கும் போக்குவரத்து இந்த ஒரு சாலையில்தான்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் பார்த்த கோப்பன்ஹேகனில் இந்தத் தலைவலி கிடையாது. 2019 செப்டம்பரில் திறந்த வட்ட மெட்ரோ, 17 நிலையங்களைச் சுற்றி 24 நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. ராத்திரி முழுக்க ஓடவும் செய்கிறது. வெஸ்டர்ப்ரோவில் தங்கினாலும் நோர்ரெப்ரோவில் தங்கினாலும் வாடகையும் பக்கத்துக் கடைகளும் மாறுமே தவிர, நாள் பாழாகாது. கேமரன் மலையில் ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. தப்பான ஊரில் அறை போட்டவர்கள் விடுமுறையில் பாதியைக் காருக்குள்ளேயே கழிக்கிறார்கள்.

நெரிசலின் மையம் கீ ஃபார்ம். சாலையின் இருபுறமும் காய்கறிக் கடை, ஸ்ட்ராபெரிக் கடை, சோளக் கடை. ஓரத்தில் நிறுத்தும் கார்கள், குறுக்கே கடக்கும் கூட்டம், நடுவில் நின்று திரும்பப் பார்க்கும் சுற்றுலாப் பேருந்து. பள்ளி விடுமுறையும் சேர்ந்த சனிக்கிழமை மதியம் என்றால், பத்து நிமிட தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆகவே அறை தேடுகிறவர் படத்தில் பால்கனியைப் பார்ப்பதற்கு முன், வரைபடத்தில் கீ ஃபார்மைத் தேடிப் பிடிக்க வேண்டும். தங்கும் இடத்துக்கும் பார்க்கப்போகும் இடத்துக்கும் நடுவே அது எத்தனை முறை குறுக்கிடுகிறது என்று எண்ணிப் பார்த்தால், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

விடுதிகளெல்லாம் தெற்கே குவிந்து கிடப்பதற்கும் சாலைதான் காரணம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியைப் பற்றி எழுதி வைத்துப் போனார். அதற்கப்புறம் நாற்பது ஆண்டு கழித்துத்தான் ஆங்கிலேய அரசு இதை மலைவாசத் தலமாக்கும் வேலையில் இறங்கியது. தாப்பா சாலை 1930-களின் தொடக்கத்தில் மேலே வந்து சேர்ந்தது. அந்தச் சாலை வந்து சேர்ந்த தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பங்களாக்களும் விடுதிகளும் எழும்பின. சிம்பாங் பூலாய் சாலை வந்ததோ 2000-களில். அதுவரை மலையின் வடகோடியில் கிடந்த திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா மூன்றும் தோட்டமும் காய்கறியுமாகவே வளர்ந்தன. இன்றைக்கும் தெற்கே ஓட்டல், வடக்கே விவசாயம் என்ற பிரிவு கண்ணுக்குத் தெரிகிறது.

பேருந்தில் வருகிறவர்களுக்குத் தானா ராத்தாதான் தோது. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் வண்டிகள் இங்கேதான் நிற்கின்றன. மாவட்ட மருத்துவமனை, வங்கி, மருந்துக்கடை, வாழையிலைச் சாப்பாடு, காலையில் பசியாற தோசைக்கடை எல்லாம் ஒரே தெருவோரம். எண் போட்ட காட்டுப் பாதைகள் பலவும் இந்த ஊரை ஒட்டித்தான் தொடங்குகின்றன. 4-ஆம் எண் பாதையில் போனால் பாரிட் அருவி, 9-ஆம் எண்ணில் ராபின்சன் அருவி, 10-ஆம் எண்ணில் ஜாசார் மலை. கார் இல்லாத இளைஞர்கள் இரண்டு நாளை இங்கேயே நடந்து கழித்துவிடலாம்.

நாலைந்து கிலோமீட்டர் மேலே ஏறினால் பிரிஞ்சாங். குளிர் சற்றே கூடும், சத்தம் நிறையவே கூடும். தண்டாயுதபாணி கோயிலும் சாம் போ புத்தக் கோயிலும் இங்கே இருக்கின்றன. இரவுச் சந்தையும் இந்தப் பக்கம்தான். மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு பேராகத் திரண்டு வரும்போது தேடுகிற அடுக்குமாடி ஹோம்ஸ்டேகளும் இங்கே அதிகம். மூன்று அறை, ஒரு சமையல்கட்டு, கீழே கார் நிறுத்த இடம் என்று கணக்குப் பார்த்தால் தலைக்கு ஆகும் செலவு ஓட்டலில் பாதிகூட வராது. கறிக்கு மசாலா அரைத்துக் கொண்டு வரும் அத்தைகளுக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. ஆனால் வார இறுதியில் ஒரு தடவை காரை வெளியே எடுத்துவிட்டால், திரும்பி வந்து நிறுத்த இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இரண்டு ஊருக்கும் நடுவே கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தபடி நிற்கிறது, 1937-இல் கட்டிய ஸ்மோக்ஹவுஸ். கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், உள்ளே கணப்பு என்று இங்கிலாந்துக் கிராமத்து வீட்டை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருக்கும். தானா ராத்தாவுக்கு வெளியே இருக்கும் பாலாஸ் விடுதியின் கதை வேறு. சிங்கப்பூரில் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ், வெள்ளைக்காரப் பிள்ளைகளை வெக்கைக்குத் தப்ப வைக்க 1934-இல் கேமரன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளிக் கட்டடம்தான் பின்னாளில் பாலாஸ் ஆனது.

பழைய கட்டடத்தில் படுக்கை போடுவது ஸ்டாக்ஹோமிலும் உண்டு. 1888-இல் நீரில் இறங்கிய அஃப் சாப்மன் என்ற பாய்மரக் கப்பல், 1949 முதல் அங்கே இளைஞர் விடுதியாக நங்கூரமிட்டிருக்கிறது. லோங்ஹோல்மன் தீவில் 1975-இல் மூடிய சிறைச்சாலை இப்போது ஓட்டல். பழைய கைதி அறைகளில்தான் கட்டில். இத்தகைய இடங்களில் தங்குகிறவர் அந்த இடத்தின் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். கேமரன் மலையில் அந்தக் கதையோடு ஈரச் சுவரும் கிறீச்சிடும் பலகைத் தரையும் சேர்ந்தே வரும் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

இனி வடக்குப் பக்கம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறுகிறவர், கம்போங் ராஜாவைக் கடந்ததும் கோலா தெர்லா வந்துவிடுகிறது. கீ ஃபார்ம் நெரிசல் அவருக்கு முன்னால் இருக்கிறதே ஒழிய, அவர் அதில் மாட்டவில்லை. சாலையோரத்திலேயே தேயிலைச் சரிவு தொடங்குகிறது. அது வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் 1933-இல் தொடங்கிய பாரத் நிறுவனத்தின் தோட்டம். போ நிறுவனத்தை 1929-இல் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலும், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்னும் தெற்கே ஹாபு பக்கம் காடு வெட்டி நான்கே ஆண்டில் இது வந்தது. இரண்டு நிறுவனத்திலும் மரத்தை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அப்படித்தான் மலைக்கு வந்தன.

பயணிகள் பெரும்பாலும் தேயிலை பார்க்க சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகிறார்கள். 2,032 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் ஒடுக்கமான சாலையிலிருந்து பிரிந்து போகவேண்டிய இடம் அது. எதிரே வேன் வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். கோலா தெர்லாவில் தங்குகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. காலை ஏழரைக்குத் தேநீர்க்கடை திறக்காவிட்டாலும் சரிவில் வேலை தொடங்கியிருக்கும். விரலால் கொழுந்து கிள்ளுவதை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. துணிப்பையோ தகரப் பெட்டியோ பொருத்திய கத்தரிக்கோலால் மேல்தளத்தைச் சீவுகிறார்கள். சரிவு இடம் கொடுக்கிற பக்கம், இரண்டு பேர் வரிசையின் இருபுறமும் நின்று ஓர் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடக்க, பின்னால் நீண்ட பை உப்பிக்கொண்டே வருகிறது. அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் இன்று வங்காளதேசத்துக்காரராகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். மேற்பார்வை பார்க்கிறவர் தமிழில் அதட்டுவதையும் கேட்கலாம்.

கோலா தெர்லாவைத் தேர்ந்தெடுக்கிறவர் சிலவற்றைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஹோம்ஸ்டேகளும் சிறு விடுதிகளும். இரவுச் சாப்பாட்டுக்கு அதிகம் அலைய இடமில்லை. சீக்கிரமே சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அறையில் சமைக்க வேண்டும். விளம்பரப் படத்தில் பச்சையாகத் தெரிந்த ஜன்னல், நேரில் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்திருக்கவும் கூடும். பள்ளத்தாக்கு முழுக்கத் தக்காளி, குடைமிளகாய், கீரை எல்லாம் மழைக்கூரைக்கு அடியில்தான் வளர்கின்றன. கோஸ் ஏற்றிய லாரிகளும் பழைய லேண்ட் ரோவர்களும் சாலையில் உறுமிக்கொண்டே இருக்கும். சாலையைப் பார்த்த அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று வெளிச்சம். செவ்வந்தி, பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கிற செடி. காம்பு நீளமாக வளரும்வரை மொட்டு விடாமல் தடுக்க, பூத்தோட்டக்காரர்கள் ராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள். அந்தக் கூடாரங்களுக்கு எதிரே அமைந்த அறையில் திரைச்சீலை மெல்லியதாக இருந்தால், நடுநிசியிலும் சுவரில் மஞ்சள் வெளிச்சம் அடிக்கும். ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் கனத்த திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் பணம் கட்டுகிறார்கள். அங்கே இரவு பத்து மணிவரை சூரியன் மறைவதில்லை, அதிகாலை மூன்றரை வாக்கில் மறுபடி எழுந்துவிடுகிறது. கோலா தெர்லாவிலும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

மழைக்காலத்தில் வருகிறவர் விடுதி எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மலை நன்றாக நனையும். 2013 அக்டோபர் 23 அன்று அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைப் பறித்தன. 2024 ஜனவரி 26 அன்று வடக்கே புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் அடிபட்டவை சுற்றுலா விடுதிகள் அல்ல. ஆற்றோரத்திலும் சரிவின் அடியிலும் இருந்த எளிய மக்களின் வீடுகள். ஆனாலும் செங்குத்தாக வெட்டிய மண்ணுக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் புதிதாக எழும்பியிருக்கும் மலிவு அறையை மழை மாதத்தில் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த மலைக்கென்று தனி. ஏர்கண்டிஷன் உண்டா என்று கேட்பதில் பயனில்லை. இரவில் வெப்பம் பதினைந்து டிகிரியை ஒட்டி இறங்குகிற ஊரில் அது எதற்கு? வெந்நீர் நாள் முழுக்க வருமா, கம்பளி ஆளுக்கொன்றா, அறையில் பூஞ்சை வாடை அடிக்குமா, கார் நிறுத்த இடம் ஒதுக்கித் தருவார்களா என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப் போகிறவர், வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2017 செப்டம்பரில் அறிமுகமானபோது அது ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி.

கடைசியில், தொடக்கத்தில் சண்டை போட்ட அந்த வீட்டாரின் வழக்கையும் தீர்த்துவைக்கலாம். வெள்ளி இரவு தாப்பா வழியாக ஏறி ஞாயிறு இறங்குகிற குடும்பம், பாட்டியும் பிள்ளைகளும் கூட இருந்தால் பிரிஞ்சாங்கில் தங்கி, காரைத் தொடாமல் நடந்தே சமாளிக்கலாம். பேருந்துக்காரர்களுக்குத் தானா ராத்தா. புது ஜோடி ஈப்போவில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, சிம்பாங் பூலாய் வழியாக ஏறிக் கோலா தெர்லாவில் இறங்கட்டும். கோயிலைத் திங்கள், செவ்வாயில் வைத்துக்கொண்டால் கீ ஃபார்மும் வழிவிடும். சுங்கை பாலாஸ் தேநீர் மையத்துக்குத் திங்கள் விடுமுறை வழக்கம் என்பதால் அதைச் செவ்வாய்க்குத் தள்ள வேண்டும்.

(தொடரும்)