கோலிவாடாவிலிருந்து தாராவி வரை

தாராவி என்றதும் "ஆசியாவின் பெரிய குடிசைப் பகுதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். குடிசைகள் வருமுன்னே அது ஒரு கிராமம் என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

மாஹிம் கழியின் கரையில் கோலி மீனவர்கள் வாழ்ந்த சிற்றூர் தாராவி. 1909-இல் வெளியான பம்பாய் கெஸட்டியர் இதனை ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகக் குறிக்கிறது. ஆங்கிலேயர் 1737-இல் கட்டிய ரீவா கோட்டையின் மதில், 'காலா கில்லா' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. தீவுகளை இணைக்கக் கடலையும் கழியையும் தூர்க்கத் தூர்க்க, மீன்பிடி தேய்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் தனக்கு ஆகாத தொழில்களை வடக்கே தள்ளியது. பக்கத்துப் பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் தோல் பதனிடுதல் இங்கே வேரூன்றியது. திருநெல்வேலிச் சீமை முஸ்லிம்கள் அத்தொழிலை நடத்தினர்; அதே சீமையின் ஆதிதிராவிட மக்கள் வேலை தேடி வந்தனர். 1930களில் சௌராஷ்டிரக் குயவர்கள் வர, கும்பர்வாடா உருவாயிற்று.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா. 1896-இல் பிளேக் பரவிய பிறகு, 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் அங்கே மனை பிரித்து, சாலையும் சாக்கடையும் போட்டுக் கொடுத்தது. படித்த தமிழர்கள் குடியேறினர். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குக் கிடைத்தது சேறுதான். குப்பையும் மண்ணும் கொட்டி அவர்களே அதை மேடாக்கினார்கள்.

"நெலத்தையே நாங்கதான் உண்டாக்கினோம், கடைசியில ஆக்கிரமிப்புன்னு எங்களையே சொல்றாங்க" என்றார் என்னிடம் ஒரு பெரியவர். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1976-இல்தான் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை கொடுத்தது. 2004-இல் மறுசீரமைப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 2022 ஏலத்தில் அது அதானி குழுமத்திடம் போயிற்று. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகச் சான்று காட்டுவோருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. மாடியில் இருப்போருக்கு வெளியேதான் இடம்.

ஆக, தாராவியில் வரலாறு என்பது வெறும் பழங்கதை அல்ல. யார் எப்போது வந்தார்கள் என்பதே வீடா வெளியேற்றமா என்று தீர்மானிக்கிறது. பழைய ரேஷன் கார்டு, புகைப்பட அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாத்தா பாட்டி சொல்வதையும் எழுதி வையுங்கள். எழுதும்போது, நமக்கு முன்னே கழியில் வலை வீசிய கோலிகளின் பெயரை முதல் வரியில் வையுங்கள்.