பின் பிரேக்கை மட்டும் மாற்றலாமா? பழைய ஜீப்பும் 11 அங்குல டிரம்மும்

விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாசகர் கேள்வி இது: "பழைய ஜீப் ஒன்றை வாங்கி தோட்டத்து வேலைக்கு ஓட்டுகிறோம். உரமூட்டை, கடலைமூட்டை எல்லாம் அதில்தான். வெறும் வண்டியில் பிரேக் பரவாயில்லை. சுமை ஏற்றினால் வண்டி நிற்க யோசிக்கிறது. ஒடுகத்தூர் பக்கம் மலையில் சொந்தக்காரர்கள் இருப்பதால் அடிக்கடி ஏறி இறங்க வேண்டும். 'பின்னாடி மட்டும் வேற மாடல் ஜீப்போட பெரிய டிரம்மப் போட்டுடலாம்ணே, கல்லு மாதிரி நிக்கும்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

பின்பக்கம் மட்டும் என்றால் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து, மாஸ்டர் சிலிண்டரோடு ஒரே செட்டாக மாற்றுவது என்றால் அது வேறு பேச்சு. ஆனால் அதற்கும் முன்னால், இப்போது இருக்கிற பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தாக வேண்டும். டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், பல வண்டிகளில் கோளாறு சில நூறு ரூபாய் சாமானில்தான் இருக்கும்.

மெக்கானிக் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியாவில் ஜீப் என்பது 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் வில்லிஸ் வண்டியைப் பூட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து வந்த பரம்பரை. அந்தக் காலத்து ஜீப்பில் டிரம்மின் குறுக்களவு 9 அங்குலம். அமெரிக்காவிலேயே 1972-க்குப் பிறகு வந்த சிஜே மாடல்களில் அது 11 அங்குலமாகிவிட்டது. 9 அங்குல வண்டிக்கு 11 அங்குல டிரம்மை மாற்றுவது ஜீப் வைத்திருப்பவர்கள் மத்தியில் பழக்கமான வேலை. ஐந்து போல்ட் துளையும், அவை அமைந்த ஐந்தரை அங்குல வட்டமும் ஒன்றாகவே தொடர்ந்து வந்ததால் சக்கரமும் பொருந்திவிடும்.

லாபம் எவ்வளவு? லைனிங் டிரம்மைப் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு நிறுத்தும் திறன் கூடும். 9-க்கு 11 என்றால், அதே அழுத்தத்துக்கு ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதல். ஷூ அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து இன்னும் கூடலாம். இரும்பும் கனமாக இருப்பதால் சூட்டையும் அதிகம் தாங்கும்.

வீல் சிலிண்டரிலும் கணக்கு இருக்கிறது. 11/16 அங்குல சிலிண்டர் இருந்த இடத்தில் 3/4 அங்குலம் போட்டால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஷூவைத் தள்ளும் விசை மட்டும் 19 சதவீதம் கூடிவிடும். 7/8 அங்குலம் போட்டாலோ, 3/4-ஐ விட 36 சதவீதம். கடையில் 'இதுவும் அதுவும் ஒண்ணுதான்' என்று கொடுத்தால் வாங்கிவிடக் கூடாது. வார்ப்பின் மேல் அளவு போட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

<b>பின்சக்கரம் முந்தினால்</b>

பிரேக் பலமாகப் பிடிப்பது நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல், எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது.

பிரேக்கை அழுத்தியதும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் எடையும் அப்படியே முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்க, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தில் பெரிய பிரேக் இருந்தால் அது சுற்றாமல் நின்று இழுபடும். முன்சக்கரம் இழுபட்டால் வண்டி திரும்பாது, ஆனால் நேராகவே போகும். பின்சக்கரம் முதலில் இழுபட்டால் வண்டியின் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். நீளம் குறைந்த, உயரமான ஜீப் அந்த நிலையில் சுழன்று கவிழ்வதற்கு அதிக நேரம் ஆகாது. மழையில் நனைந்த பெங்களூரு நெடுஞ்சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது அப்படி நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுமை ஏற்றியபோது இந்தப் பின் பிரேக் அருமையாகத்தான் இருக்கும். மூட்டையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. அதனால்தான் கம்பெனி சரக்கு வண்டிகள் பலவற்றில் பின் ஆக்சில் அருகே ஒரு வால்வு வைக்கிறார்கள். சுமையால் வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், சுமை இல்லாவிட்டால் குறையும். சில இடங்களில் 'இது எதுக்கு, தொந்தரவு' என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுவதும் நடக்கிறது. பழைய ஜீப்பில் அந்த வால்வே கிடையாது.

<b>முதலில் கழற்றிப் பாருங்கள்</b>

பழைய ஜீப்பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதைக் கையால் முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்கள் வருஷக்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை. 'ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது' என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அடுத்தது ஆக்சில் ஆயில் சீல். சீல் கசிந்தால் கியர் ஆயில் டிரம்முக்குள் வந்து லைனிங்கை நனைத்துவிடும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோல் விட்டுக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள். அது இரண்டு நாளைக்குத்தான். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப மேலே வரும். சீலையும் லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அதுவும் இடம் வலம் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

பிரேக் ஆயிலில் நடக்கிற தவறு இன்னும் மோசம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றிவிடுகிறார்கள். பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் அல்ல. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் அந்த எண்ணெயில் உப்பிப் போய் மொத்தப் பிரேக்கும் கெட்டுவிடும். டாட் 3, டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை முழுதும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவது நல்லது. பாதி தீர்ந்து மூடி திறந்தே கிடந்த பழைய டப்பாவைத் தொடவே வேண்டாம்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

<b>மலை இறங்கும்போது</b>

ஒடுகத்தூர் பக்கம் மலையேறுபவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். சுமையோடு 2,000 கிலோ இருக்கும் வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், பிரேக்கில் பிறக்கும் சூடு ஏறத்தாழ 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வளவும் நாலு டிரம்முக்குள் இறங்குகிறது. சூடான டிரம் விரிந்து ஷூவிடமிருந்து விலகும், லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். 9 ஆனாலும் 11 ஆனாலும் இதற்கு ஒரு எல்லை உண்டு.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் பிடிப்பதாக நியூட்ரலில் விட்டு இறங்குவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. பூஸ்டர் வைத்த வண்டியில் இன்ஜின் அணைந்துவிட்டால் இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் தீர்ந்துபோய், பெடல் கல்லாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் செம்பரைப் பகுதியில், கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மூட்டை ஏற்றும் இடத்தில் ஆட்களை ஏற்றி மலைப்பாதையில் போவதற்குப் பெரிய டிரம் எந்த உத்தரவாதமும் தராது.

<b>மாற்றுவது என்று முடிவெடுத்தால்</b>

நாலு சக்கரத்தின் டிரம், பேக்கிங் பிளேட், ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே மாடலில் இருந்து வரட்டும். முன்பின் அளவுப் பொருத்தத்தை அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பெரிய வீல் சிலிண்டர்களுக்குப் பழைய சின்ன மாஸ்டர் சிலிண்டரை விட்டுவைத்தால் ஆயில் போதாமல் பெடல் தரை தட்டும்.

உண்மையில், இந்தச் செலவில் அதிகப் பயன் தருவது மாஸ்டர் சிலிண்டர்தான். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. இரட்டை லைன் கொண்ட மாஸ்டர் சிலிண்டரில் ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பெரிய டிரம்மை விட்டுவிட்டு இதைப் பற்றி விசாரிப்பது மேல்.

பழைய சாமான் கடையில் டிரம் வாங்கினால், அதில் பொறித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டிக் கடைசல் பிடித்திருக்கிறார்களா என்று அளந்து பார்க்கவேண்டும். மெலிந்த டிரம் மலிவாகக் கிடைத்தாலும் சூட்டில் வெடித்துவிடும். ஷூக்களில் முன்னது பின்னது வேறுவேறாக இருக்கலாம். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாட்டும்போது சண்டை வராது.

வேலை முடிந்ததும் வண்டியை நேரே மலைக்கு ஓட்டாதீர்கள். ஆளில்லாத சமதளத்தில், வெறும் வண்டியாக, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்துப் பார்க்கவேண்டும். மண்ணில் முன்சக்கரத் தடம்தான் முதலில் விழ வேண்டும். பின்தடம் முந்தினால் வண்டி சாலைக்கு வரக் கூடாது. பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் எது மட்டும் கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் சாமான் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது. அதே மாடலுக்கான சரியான சாமானைப் புதிதாக மாற்றுவதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

<b>ஜாக்கி போடும் முன்</b>

டிரம்மைக் கழற்ற ஜாக்கி போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகச் சுற்றும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து வைத்திருந்தாலும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும். விரிஞ்சிபுரம் கோயிலில் இருப்பவர் பெயரே வழித்துணைநாதர். ஆனாலும் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நல்ல கனமான கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.